பழைய கார் வாங்குவோருக்கு வெள்ளத்தில் மூழ்கிய வரலாறும் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வாங்குவோருக்கு நாளிதழ்களில் வரும் ஆலோசனைகள் பெரும்பாலும் என்ஜின் சத்தம், டயர் தேய்மானம், மைலேஜ் ஆகியவற்றைச் சொல்லி முடிந்துவிடுகின்றன. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்பக்கம் வாழும் எங்களைப் போன்றோருக்கு அவை போதா. குழித்துறை, மார்த்தாண்டம், அருமனை வட்டாரத்தில் விலைக்கு வரும் பழைய வண்டிகளில், பாறசாலை, நெய்யாற்றின்கரை, அவற்றுக்கும் வடக்கேயுள்ள ஊர்கள் ஆகியவற்றிலிருந்து கேரளப் பதிவெண்ணோடு வருபவையும் உண்டு. ஒரு வண்டி பதிவானதும் வரி கட்டியதும் ஒரு மாநிலத்தில், இனி ஓடப்போவது இன்னொரு மாநிலத்தில் என்றாகும்போது, வாங்குபவர் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதே மாறிவிடுகிறது. மோசமான ஒரு வண்டியை விற்றுத் தீர்த்த பிறகு, மறுபடியும் ஒரு பழைய ஹேட்ச்பேக் (டிக்கி வெளியே நீளாத சிறிய கார்) வாங்கலாமா என்று எங்கள் வீட்டில் நடந்துவரும் ஆலோசனையில் தெளிந்த சில செய்திகளையும், அரசின் முன் வைக்க வேண்டிய ஒரு கோரிக்கையையும் தங்கள் இதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

நாங்கள் விற்ற வண்டி, கேரள எண் கொண்ட 2016ஆம் ஆண்டு டீசல் ஹேட்ச்பேக். வியாபாரி ஒருவரிடம் வாங்கியது. எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் என்ஜினையும் கியரையும் பார்த்து நல்ல வண்டி என்றார்; அவர் சொன்னதில் தவறில்லை, கடைசிவரை அந்த என்ஜின் ஒரு குறையும் வைக்கவில்லை. ஜூன் மாத மழை தொடங்கியதும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் நின்றது. பிறகு கதவுக் கண்ணாடிகள் நினைத்தபோது இறங்கின, ஏற மறுத்தன. சாவியைத் திருப்பினால் சில நாள்களில் டாஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியாது. ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் முன்னிருக்கைகளையும் கார்ப்பெட்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தபோது, ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சுற்றிக் காய்ந்த வண்டல் படிந்திருந்தது. வயர் இணைப்புகளின் செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தன. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருந்த முதல் உரிமையாளரின் முகவரியோ, 2018 ஆகஸ்டில் பம்பையாறு கரைபுரண்டு ஊருக்குள் புகுந்த பகுதியைச் சேர்ந்தது. விற்ற வியாபாரியிடம் கேட்டதற்கு, தம் கைக்கு வந்தபோது வண்டி உலர்ந்துதான் இருந்தது என்று பதில் சொன்னார். முழு வயரிங்கையும் மாற்றும் செலவு கட்டுப்படியாகாது என்றதால், குறையை மறைக்காமல் சொல்லி, கிடைத்த விலைக்கு உதிரிபாகக் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டோம்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு வீட்டில் இரண்டு கருத்துகள் எழுந்தன. இனி வாங்கினால் புது வண்டிதான் என்பது மகனின் கட்சி. காரே வேண்டாம், தேவைப்படும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்வோம் என்பது என் கணவரின் கட்சி. மாமியாரைத் திருவனந்தபுரத்தில் மருத்துவரிடம் அடிக்கடி அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதாலும், அவரால் ரயில் படி ஏற முடியாததாலும், எல்லை தாண்டும் வாடகைக் காருக்குப் பர்மிட், வரி எனக் கட்டணம் கூடுவதாலும் இரண்டாவது கருத்து நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே எதிரே ஓர் ஆட்டோ வந்தால் பின்னால் நகர்ந்தே வழிவிட வேண்டிய எங்கள் சாலையில், நான்கு மீட்டருக்குக் குறைவான ஹேட்ச்பேக் தவிர வேறு எதுவும் நிம்மதி தராது.

மகனின் கட்சியை எளிதில் தள்ளிவிட முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் 4 மீட்டருக்கும் என்ஜின் 1200 சி.சி.க்கும் மிகாத பெட்ரோல் கார்களுக்கான வரி, செஸ் சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைப்பை நிறுவனம் அப்படியே கொடுத்தால் ஷோரூம் விலையில் ஏறத்தாழ எட்டரை சதவீதம் இறங்க வேண்டும்; ஆல்டோ கே10 போன்ற வண்டிகளின் ஆரம்ப ரகம் 4 லட்சத்துக்குக் கீழே வந்தது அதனால்தான். எனினும் பழைய வண்டி விற்போரில் பலர் அதற்கு முந்தைய விலையை வைத்தே பேரம் தொடங்குகிறார்கள். புது வண்டியின் விலை இறங்கியபின் இரண்டு, மூன்று ஆண்டு ஓடிய அதே வண்டியின் விலையும் இறங்கத்தான் வேண்டும் என்பதை வாங்குபவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய காருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வந்துவிட்டது என்று முழு விலையின் மீது கணக்குப் போட்டுக் காட்டுவோரும் உண்டு. 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் எடுத்த முடிவு, பதிவு பெற்ற வியாபாரிக்குக் கிடைக்கும் லாப வித்தியாசத்தின் மீதுதான் அந்த வரி என்கிறது; தனிமனிதர் தனிமனிதருக்கு விற்றால் அதுவும் இல்லை.

புது வண்டியென்றால் ஷோரூம் விலையோடு தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியும் சேரும். 2023 நவம்பரிலிருந்து அது 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம். இன்சூரன்ஸும் சேர்ந்தால், எங்கள் கையிலுள்ள தொகைக்குப் புதிதில் கிடைப்பது மிகச் சிறிய வண்டியின் அடிப்படை ரகம் மட்டுமே. முழங்கால் மடக்க முடியாத ஒருவரை ஏற்றி இறக்க, கூரை உயரமும் அகலமான பின்கதவும் உள்ள ஒரு படி பெரிய ஹேட்ச்பேக் வேண்டும். அது பழையதாகத்தான் எங்களுக்கு எட்டும். ஆகவே பழைய வண்டி என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எந்த ஆண்டு வண்டி, யாரிடமிருந்து, எந்த மாநிலப் பதிவு என்பவையே எஞ்சிய கேள்விகள்.

ஆண்டைப் பொறுத்தவரை, விலையைப் பார்ப்பதற்கு முன் பாதுகாப்பு விதிகளின் தேதிகளைப் பார்ப்பது நல்லது. திடீரென பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கார்களில் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். முன்னால் அமரும் மற்றொருவருக்கும் ஏர்பேக் எல்லா மாடல்களிலும் கட்டாயமானது 2021ஆம் ஆண்டின் கடைசி நாளில். ஆகவே 2018ஆம் ஆண்டின் அடிப்படை ரகம் ஒன்றும் 2022ஆம் ஆண்டின் அதே மாடலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும், உள்ளே இருப்பவை வேறு. கேரளப் பேருந்துகளின் வேகத்தோடு தேசிய நெடுஞ்சாலையைப் பகிர்ந்துகொள்ளும் எவரும் இந்த வேறுபாட்டுக்காகச் சில ஆயிரங்களைக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். டீசல் எங்களுக்குத் தேவையில்லை; 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது, பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் உள்ள புகை வடிகட்டியோ குறுகிய தூர ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. பெட்ரோல் வண்டியிலும், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற பாகங்கள் 2023 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில்தான் முறைப்படி எதிர்பார்க்கத்தக்கவை என்பதால், அதற்கு முந்தைய வண்டியின் பெட்ரோல் குழாய்களை மெக்கானிக் தனியாகப் பார்க்க வேண்டும்.

இப்போது பதிவெண்ணுக்கு வருகிறேன். கேரள வண்டி என்றாலே ஏமாற்று என்று எங்கள் பகுதியில் பரவியுள்ள பேச்சை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு சர்வீஸையும் நிறுவன ஒர்க்‌ஷாப்பில் செய்து, பில்களை வரிசையாகக் கோத்து வைத்திருக்கும் உரிமையாளர்களை அப்பக்கம் நான் பார்த்திருக்கிறேன். வெள்ளமும் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் நீரில் நின்ற கார்கள் தமிழ்நாட்டு எண் கொண்டவையே. சிக்கல் வண்டியில் இல்லை, எண் மாற்றும் வழியில் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 47ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்குள்ள பதிவெண்ணுக்கு மாற்றியாக வேண்டும். அதற்கு முதலில் கேரள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும், அதற்கு 28ஆம் படிவம். வண்டியின் மேல் கடன் இருந்தால் வங்கியின் 35ஆம் படிவம் கொடுத்து அதை ஆர்.சி.யிலிருந்து நீக்க வேண்டும். நிலுவை வரியும் இ-சலானும் இருக்கக் கூடாது. விண்ணப்பித்த 30 நாளுக்குள் அலுவலகம் மறுக்காவிட்டால் என்.ஓ.சி. வழங்கப்பட்டதாகவே கருதப்படும் என்று 48ஆம் பிரிவு தாராளமாகச் சொல்கிறது. ஆனால் கையில் தாள் இல்லாமல், சட்டம் அப்படிக் கருதுகிறது என்று மார்த்தாண்டம் அலுவலகத்தில் போய் வாதிட எத்தனை பேரால் முடியும்? என்.ஓ.சி. வந்தபின் வண்டியின் வயதுக்கேற்ற ஆயுட்கால வரியை இங்கே புதிதாகக் கட்ட வேண்டும். கேரளத்தில் முன்பே கட்டிய வரியில் எஞ்சிய காலத்துக்குரிய தொகையைத் திரும்பக் கேட்கலாம்; அது விற்றவருக்கா வாங்கியவருக்கா என்பதை விலை பேசும்போதே எழுதிக்கொள்ளாவிட்டால் பிறகு மனத்தாங்கல்தான் மிஞ்சும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், கேரள எண் வண்டி மலிவு என்று தோன்றிய தொகையில் பெரும்பகுதி வரியிலும் அலைச்சலிலும் கரைந்துவிடுகிறது. ஆகவே கேரள வண்டியை வாங்குவோர், முன்பணத்தை மட்டும் கொடுத்து, உரிமையாளர் தம் செலவில் என்.ஓ.சி. வாங்கிக் கையில் கொடுத்தபின் மீதியைத் தருவதாகப் பேசிக்கொள்வதே முறை. இதற்கு ஒப்பாதவரின் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

யாரிடமிருந்து வாங்குவது என்பதில் ஒரு செய்தி பரவலாகத் தெரியவில்லை. பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்றும், உரிமையாளர் வண்டியை வியாபாரியிடம் ஒப்படைத்ததை இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும், அதன்பின் அந்த வண்டிக்கு வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார் என்றும் மத்திய அரசு 2022 டிசம்பரில் விதி வகுத்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆனால் தேதி போடாமல் கையெழுத்திட்ட, உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, முதல் உரிமையாளரின் பெயரிலேயே வண்டியைக் கைமாற்றிவிடும் பழைய வழக்கம் இன்னும் போகவில்லை. இதில் விற்பவருக்கும் ஆபத்து உண்டு: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வண்டியைக் கொடுத்துப் பணத்தையும் வாங்கியாயிற்று, இனி நமக்கென்ன என்று இருக்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான் இப்போது எந்த வியாபாரியிடம் போனாலும் முதலில் கேட்பது அங்கீகாரச் சான்றைத்தான். காட்டுபவர் யார், பேச்சை மாற்றுபவர் யார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன். கடிதம் எழுதத் தூண்டியதும் இதுதான். மூழ்கிய வண்டியை அறிய மெக்கானிக்குகள் சொல்லும் அடையாளங்கள் பயனுள்ளவை: சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து அடிப்பகுதியில் நீர்க்கறை இருக்கிறதா என்று பார்ப்பது, இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி இருக்கும் குழியில் மண், ஹெட்லைட்டின் உள்ளே படலம். ஆனால் கழுவி, காயவைத்து, பெல்ட்டையும் மாற்றிவிட்ட வண்டியில் இவை எதுவும் இருக்காது. கடலோரக் காற்றில் ஓடும் எங்கள் மாவட்ட வண்டிகளில் துரு தானாகவே இருக்கும் என்பதால், துருவை வைத்துத் தீர்ப்பு சொல்வதும் கடினம்.

தாளில் ஒரு தடயம் உண்டு. இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு சதவீதம் அச்சாகியிருக்கும். கிளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 20, 25, 35, 45, 50 என ஏறும். கிளெய்ம் வாங்கினால் அடுத்த புதுப்பிப்பில் சுழியத்துக்கு இறங்கிவிடும். எனவே விற்பவரிடம் நடப்புப் பாலிசியை மட்டும் கேட்காமல் எல்லா ஆண்டுப் பாலிசிகளையும் கேட்டு வாங்கி அடுக்கிப் பார்த்தால், எந்த ஆண்டில் அந்தச் சதவீதம் விழுந்தது என்பது தெரியும். 2018 அல்லது 2023 வெள்ளத்தை அடுத்த புதுப்பிப்பில் விழுந்திருந்தால் கேள்வி கேட்க வேண்டும். போனஸைக் காக்கும் கூடுதல் பாலிசி எடுத்தவர்களிடம் இது பலிக்காது. கைக்காசில் பழுது பார்த்தவர்களிடமும் பலிக்காது. போனஸ் விற்பவருக்கே உரியது, வண்டியோடு வராது என்பதையும், பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் வாங்குவோர் மறக்கக் கூடாது.

ஆனால் இந்தத் துப்பறியும் வேலையை ஒரு சாதாரணக் குடும்பம் ஏன் செய்ய வேண்டும்? பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டுப் பணம் கொடுக்கிறது. அந்த முடிவு எழுத்தில், வண்டி எண்ணோடு, ஒரு கோப்பில் இருக்கிறது. பிறகு அந்த வண்டி கழிவாக ஏலம் போகிறது. வாங்கியவர் உலர்த்தி, கழுவி, ஓடவிடுகிறார். வண்டி அழிந்துவிட்டாலோ நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாமல் போனாலோ 14 நாளில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 55ஆம் பிரிவு சொல்கிறது. மூழ்கி எழுந்த வண்டியோ, ஓடுகிறதே, அழியவில்லையே என்ற வாதத்தில் அந்தப் பிரிவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. எங்களிடம் வந்த வண்டியின் ஆர்.சி.யில் ஒரு குறையும் இல்லை. அரசின் வாகனப் பதிவு விவரங்களைக் காட்டும் வாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டாலும் ஒரு குறையும் காட்டவில்லை.

இந்தத் தகவலைத் திரட்டப் புதிதாக ஒரு துறை தேவையில்லை. இன்சூரன்ஸ் நிறுவனங்களின் பாலிசி, கிளெய்ம் விவரங்களைத் தொகுக்க, ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த இன்சூரன்ஸ் இன்பர்மேஷன் பீரோ 2009 முதல் ஐதராபாத்தில் இயங்கிவருகிறது. வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் முடியும் நாள், புகைச் சான்று ஆகியவற்றைக் காட்டும் வாகன் தளம் மாநில எல்லை பாராமல் செயல்படுகிறது. முன்னதில் உள்ள 'முழு இழப்பு' என்ற ஒரே ஒரு குறிப்பைப் பின்னதில் காட்டினால் போதும். உரிமையாளரின் பெயரோ, கிளெய்ம் தொகையோ தேவையில்லை. ஆம் அல்லது இல்லை, எந்த ஆண்டு, அவ்வளவே. இதனால் நேர்மையாக விற்பவருக்கு நட்டமும் இல்லை. மாறாக, மூழ்காத வண்டிக்கு அவர் கேட்கும் விலைக்கு ஆதாரம் கிடைக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் இதைச் செய்ய முன்வர வேண்டும். தமிழ்நாடு, கேரள போக்குவரத்துத் துறைகள் அதுவரை காத்திராமல், அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரிகளின் பெயர்ப் பட்டியலைத் தத்தம் எல்லையோர அலுவலகங்களின் வாசலில் ஒட்டிவைக்கலாம். அதற்கு ஒரு தாளும் பசையும் போதும்.

ஏமாற்றப்பட்டவர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கேரளத்தில் உள்ள வியாபாரியிடம் வாங்கியிருந்தாலும் குமரி மாவட்டத்துக்காரர் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். வியாபாரமாகச் செய்யாத தனிமனிதர் தம் வண்டியை விற்றதற்கு இந்த வழி பொருந்தாது. எங்கள் வண்டியின் குறை வெளிப்பட்டபோது எவரும் இதை எங்களுக்குச் சொல்லவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இப்போது எங்கள் முன் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கேரள எண் வண்டி. விலை குறைவு, சர்வீஸ் பில்கள் எல்லாம் உண்டு. மற்றொன்று டி.என். 75 எண்ணில் தொடங்கும் 2022ஆம் ஆண்டு பெட்ரோல் வண்டி. ஓய்வு பெற்ற ஒருவர் வைத்திருப்பது, விலை சற்று அதிகம், பின்பக்க பம்பரில் பெயின்ட் வேலை நடந்திருக்கிறது. பெயின்ட் எனக்குப் பொருட்டில்லை. பழைய பாலிசிகள் அனைத்தையும் எடுத்துத் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். 2023 டிசம்பருக்கு அடுத்த புதுப்பிப்பில் போனஸ் விழாமல் இருந்து, இருக்கைகளை எடுத்துவிட்டுப் பார்க்கவும் அவர் சம்மதித்தால் அந்த வண்டியை வாங்குவதாக இருக்கிறோம். சம்மதிக்காவிட்டால், கேரள வண்டியின் உரிமையாளரிடம் என்.ஓ.சி.க்கு விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்